சுவரைப் பார்த்து நின்றவர்

கடலூர் புதுப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பக்கத்துப் பகுதியில் ஓர் அரசர் குடியிருந்தார். இதை வாசிப்பவர் சிரிக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். ஆனால் சொன்னது உண்மை. தெற்கே மலையடிவாரத்தில், ஒரு கோட்டையும் ஏழு ஊர்களும் கொண்ட சின்னஞ்சிறு அரசு ஒன்று, சுதந்திரத்துக்குப் பின் ஒழிக்கப்பட்டது. அதன் கடைசி அரசரின் ஒரே மகன் இவர். அந்த அரசின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டில் எதை யாராவது உரக்கச் சொன்னாலும் அவர் கூசிப்போவார்.

நான் அறிந்த நாளில் அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சிதம்பரத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதும் எழுத்தராக இருந்தார். பிறர் விற்கும் நிலங்களின், பிறர் வாங்கும் நிலங்களின் பத்திரங்களைத் தடித்த புத்தகங்களில் பிழையில்லாமல் படியெடுப்பது அவர் வேலை. வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாரின் புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை என்று நாள் முழுவதும் எழுதுவார். ஏழு ஊருக்கு எல்லை தெரிந்திருந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இது எப்படி இருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. கேட்டதில்லை. கேள்விகள் கேட்டுப் பழகியவளல்லள் நான்.

அவர் மகள் என் வகுப்புத் தோழி. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் ஒன்றரை வரி நீளும்; எங்களுக்கு அவள் ராஜி. தாயை இளம் வயதிலேயே இழந்தவள். நாங்கள் இருவரும் அண்ணாமலை நகரில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தோம். விடுதியில் சேரும் வசதி இரு வீட்டுக்கும் இல்லாததால் தினமும் காலை திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, மாலை திரும்புவோம். எங்களைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு அவர் அடுத்த பெட்டியில் ஏறுவார். அந்தப் பெட்டியில் அவருக்கு 'ராஜா சார்' என்று பெயர்.

"ராஜா சார், மந்திரி வேலை காலியா இருந்தா நம்மளயும் நெனைச்சுக்குங்க" என்று சீசன் டிக்கெட்காரர் ஒருவர் சீண்டுவது ஜன்னல் வழியே எங்களுக்குக் கேட்கும்.

"மந்திரி இருக்காருங்க. மதுரையில சைக்கிள் கடை வெச்சிருக்காரு. நல்லா நடக்குதாம், விட்டுட்டு வர மாட்டேங்கறாரு."

பெட்டியே சிரிக்கும். அவர் சொன்னது வேடிக்கையில்லை, உண்மை என்று ராஜி என் காதில் சொல்வாள்.

மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய நாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். இரு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்கள் என்பதால் அவரும் உட்காரமாட்டார். ஒவ்வொருவரின் வீட்டையும் பெயர் சொல்லி விசாரிப்பார். எந்தப் பசு ஈன்றது, எந்தக் கிணறு தூர்ந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு பரிவோடு பேசியவர், வந்தவர்கள் "உத்தரவு வாங்கிக்கிறோம்" என்று சொன்ன அடுத்த நொடி, திடுமெனத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுவிடுவார். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை அப்படியே நிற்பார். வாசல்வரை வந்து வழியனுப்பியதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

"எவ்ளோ தூரத்துலேர்ந்து வராங்க, பாவம். போறப்ப மூஞ்சியக் காட்டினா கொறைஞ்சா பூடும்?" என்று என் தாயார் அங்கலாய்ப்பார். நானும் என் மனத்துக்குள் அதற்குச் செருக்கு என்று பெயரிட்டேன். ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டால் அதை மேலும் பார்க்கவேண்டியதில்லை என்ற வசதி இருக்கிறது. ஏறக்குறைய ஓராண்டு நான் அந்த வசதியில் இருந்தேன்.

வருகிறவர்களில் தவறாமல் வருபவர் ஒரு முதியவர். அரசர் பவனி வரும்போது பின்னால் நின்று வெண்குடை பிடிக்கும் குடும்பத்தில் வந்தவர். ராஜியின் தந்தையுடைய தாத்தாவுக்கும் தந்தைக்கும் குடை பிடித்தவர். நாங்கள் அவரைக் குடைக்காரர் என்போம். அவருடைய கோரிக்கை எப்போதும் ஒன்றுதான். பழைய அரசர் இறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளாக அவர்கள் ஊர்க் கோயில் தேர் ஓடவில்லை. பட்டம் கட்டிய அரசர் கை முதலில் வடத்தைத் தொட்ட பிறகே மற்றவர்கள் தொடவேண்டும் என்பது அங்கே வழக்கம். அரசு போனாலும் பழைய அரசர் இருக்கும்வரை அந்த வழக்கம் நடந்தது. ஆகவே மகன் வந்து பட்டம் கட்டிக்கொள்ளவேண்டும்.

இதிலுள்ள சிக்கலை ராஜி ஒருநாள் ரயிலில் எனக்குச் சொன்னாள். "பட்டம் கட்டிக்கிட்டா அப்பா ஊரோட போயிடணும். நானும்தான். அரமனைப் பொண்ணு திரைக்குப் பின்னாடிதான் இருக்கணும். படிப்பு, ரயிலு எல்லாம் இதோட சரி. மாப்பிள்ளைகூடப் பார்த்து வெச்சிருக்காங்களாம். அவுங்களுக்கும் ஒரு காலத்துல கோட்டை இருந்துச்சாம்."

"அப்பா என்ன சொல்றாரு?"

"யோசிக்கறேங்கறாரு. மூணு வருஷமா யோசிக்கறாரு. கட்டிக்க மாட்டேன்னு சொன்னா அவுங்க மூஞ்சி எப்படி ஆகும்னு அவருக்குத் தெரியும். அதான்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும், மடியிலிருந்த இலக்கணப் புத்தகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவரைப் பற்றிய என் தீர்ப்பு முதலில் அசைந்தது என் வீட்டுக் காரியத்தில். என் தந்தை இறந்த இரண்டாம் ஆண்டு, கிள்ளைப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த நிலத்தை என் தாயார் விற்றார். பதிவு நாளன்று நானும் உடன் சென்றிருந்தேன். அலுவலகத்தில் நல்ல கூட்டம். கையெழுத்துப் போட்டு எழுந்த தாயார், வாங்கியவர்கள் எதிரிலேயே, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அறையிலிருந்த அனைவரும் எங்களைப் பார்த்தனர். ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. அவர் எழுந்து, அலமாரியின் பக்கம் திரும்பி, ஒரு புத்தகத்தை எடுத்து, வைத்து, மறுபடியும் எடுத்து, தாயார் முகம் துடைத்துக்கொள்ளும்வரை முதுகைக் காட்டியபடி நின்றார். பிறகு திரும்பி, "வெயில் தாழ கெளம்புங்கம்மா, சாயங்கால வண்டி காலியாயிருக்கும்" என்றார், அப்போதுதான் எங்களைக் கண்டவர்போல. ஓர் அழுகையைக் காணாமல் இருப்பதும் ஒருவருக்குச் செய்யும் உதவிதான் என்று அன்று உணர்ந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைச் சுவருக்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

அந்த முடிச்சு விழுந்தது சிதம்பரம் ஸ்டேஷனில், ஒரு தை மாத மாலையில். குடைக்காரர் அன்று அலுவலகத்துக்கே வந்து அவரைப் பார்த்துவிட்டு, தெற்கே போகும் வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் எங்களோடு நின்றிருந்தார். இருபுறமும் தண்டவாளம் ஓடும் நடுப் பிளாட்பாரம் அது. எங்கள் வண்டி ஒரு பக்கம் வரவேண்டும். மறுபக்கம் ஒரு சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லிக் குடைக்காரர் கும்பிட்டு விடைபெற்றார். அந்த நேரம் பார்த்து ராஜி தந்தையிடம் ஏதோ கேட்டாள். அவர் குடைக்காரரை நோக்கி நின்றபடியே அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது, அந்த முதியவர் கைகூப்பியபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓரடி, இன்னுமோரடி, தம் அரசரின் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல். அவருக்குப் பின்னால் பிளாட்பாரத்தின் விளிம்பு நான்கடியில் இருந்தது. சரக்கு வண்டியின் புகை சிக்னலைத் தாண்டிவிட்டது.

"யோவ் பெரியவரே! பின்னால பாருய்யா!" என்று போர்ட்டர் ஒருவர் கத்தினார். குடைக்காரர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. ராஜியின் தந்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் கூவுவார், ஓடுவார் என்று நினைத்தேன். அவர் செய்தது வேறு. சட்டெனத் திரும்பி முதுகைக் காட்டினார். கையிலிருந்த டிபன் கேரியர் தூணில் இடித்துப் பெருஞ்சத்தம் எழுப்பும் அளவு வேகமாகத் திரும்பினார். சாகப்போகிற மனிதனிடமிருந்தா முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று என்னுள் ஒரு கொதிப்பு எழுந்து முடிவதற்குள், குடைக்காரரும் திரும்பிவிட்டார். விளிம்பைக் கண்டார், ஒதுங்கினார். வண்டி அவர் துண்டைப் படபடக்க வைத்துக்கொண்டு கடந்து போயிற்று.

ராஜியின் தந்தை நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "உங்க புஸ்தகம் எதுவும் கீழ விழுந்துடலையேம்மா?" என்று கேட்டார். மகள் வயதுப் பெண்ணையும் 'நீங்க' என்றுதான் சொல்வார்.

பெட்டியில் ஏறிய பிறகு ராஜி விளக்கினாள். "ராஜா மூஞ்சிக்கு நேரா யாரும் முதுகக் காட்டக் கூடாது. அவரு பார்த்துக்கிட்டு இருக்கற வரைக்கும் பின்னாடியேதான் நடந்து போவணும். அப்பா கூப்பிட்டிருந்தாருன்னு வெச்சுக்கோ, என்ன உத்தரவுன்னு கேக்க அந்தத் தாத்தா அங்கேயே கைகட்டி நின்னிருப்பாரு. நகர்ந்திருக்க மாட்டாரு."

"அப்பா சொல்லித் தடுக்கக் கூடாதா?"

"சொல்லாம இருப்பாரா? 'ஆகட்டும் மகாராசா'ன்னு சொல்லிட்டு அப்படியே பின்னாடி நடப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்குப் பத்து வயசு அப்ப. எங்க தாத்தாகிட்ட, பழைய ராஜாகிட்ட, மனு குடுக்க ஒரு பொம்பள கைக்குழந்தையோட வந்தாங்களாம். அப்படியே பின்னாடி போயி, படி இருக்கறது தெரியாம உருண்டுட்டாங்க. தாத்தா சிம்மாசனத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாராம். அவருக்கும் திரும்பணும்னு தோணல. அந்தம்மா பொழைச்சுட்டாங்க. குழந்தை பத்தி அப்பா சொன்னதில்ல."

ஆக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சுவரைப் பார்த்து நின்றது, வந்தவர்கள் மனிதரைப்போல முன்னோக்கி நடந்து போகட்டும் என்பதற்காக. யாருக்கும் புத்தி சொல்லாமல், எந்த வழக்கத்தையும் பழிக்காமல், தம் முகத்தை மட்டும் அகற்றிக்கொண்டு அவர்களை விடுவித்தார். பார்ப்பவர் தம்மைச் செருக்கர் என்று எண்ணக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கவேண்டும். அன்று இரவு என் தாயாரிடம் இதைச் சொன்னேன். அவர், "நாம என்னென்ன பேசிட்டோம்" என்றார்.

மாசி மாதத்தில் குடைக்காரர் மீண்டும் வந்தார். இம்முறை ஊர்ப் பெரியவர் ஒருவரும் உடன் வந்தார். காபி கொடுக்க உதவிக்கு ராஜி என்னை அழைத்திருந்ததால் நான் உள்ளே இருந்தேன்.

"நாலாவது வருசமும் தேரு நிக்கக் கூடாதுங்க" என்றார் ஊர்ப் பெரியவர். "மழையும் இல்ல. சனங்க ஒண்ணுகெடக்க ஒண்ணு பேசுது."

"வடத்தை இவரு தொடலாமே" என்று குடைக்காரரைக் காட்டினார் ராஜியின் தந்தை.

"ஐயய்யோ! நானா?" குடைக்காரர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். "பட்டம் கட்டின கைதான் தொடணும், மகாராசா. நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவ ஓடிப் பார்த்துட்டாப் போதும்."

ஊர்ப் பெரியவர் ராஜியைப் பார்த்தார். "சின்ன ராணியம்மாவும் இப்படி நாலு பேரு இடிக்க ரயிலேறிப் போகவேண்டியதில்லீங்க."

"லேடீஸ் பெட்டியில இடிக்கறதெல்லாம் பரங்கிப்பேட்டை மீன் கூடைங்க" என்றாள் ராஜி, தம்ளரை அவர்முன் வைத்தபடி. "யாரு எவருன்னு பார்த்து இடிக்கறதில்ல."

குடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. அவளுடைய தந்தை மகளை ஒருகணம் பார்த்தார்.

"உனக்குப் பரீட்சை எப்போ?"

"பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் தொடங்குதுப்பா."

"தேர் உத்திரத்தன்னிக்கு. சரி, நான் மட்டும் வர்றேன். அவ பரீட்சை எழுதட்டும்."

"பட்டம் கட்டிக்கிட்டுத்தானுங்களே, மகாராசா?" என்றார் குடைக்காரர்.

"வேட்டி கட்டிக்கிட்டு."

குடைக்காரரின் கண்கள் நிறைந்துவிட்டன. அதைக் கண்டதும் ராஜியின் தந்தை அதுவரை நான் கேட்டிராத ஓர் உறுதியோடு, "தேர் ஓடும். நான் சொல்றேன்" என்றார். அதன் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் காலடியோசை தெருவில் தேய்ந்த பின்னும் திரும்பவில்லை.

"அப்பா, போயிட்டாங்க."

"தெரியும்."

ஒரு பையில் இரண்டு வேட்டிகளோடு அவர் புறப்பட்டுப் போனார். ராஜிக்கு அச்சம் குறையவில்லை. "அங்க போனதும் தலையில பட்டத்தைக் கட்டி நாயனத்தை ஊதிட்டா முடிஞ்சு போச்சுடி. அப்பாவால ஒரு ஆளையும் புடிச்சுத் தள்ள முடியாது. தேர் ஓடலன்னா அழுவாங்க. அழறவங்களைப் பார்த்தா அவரு எதுக்கும் தலைய நீட்டிடுவாரு." முதல் தாளை அவள் அந்த நினைப்போடுதான் எழுதினாள். விடைத்தாளில் தன் முழுப்பெயரை எழுதியபோது பேனா நின்று நின்று போனதை அடுத்த வரிசையிலிருந்து நான் கண்டேன்.

உத்திரம் கழிந்த மூன்றாம் நாள் விடியற்காலை அவர் திரும்பினார். வீட்டுக்குப் போகாமல் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனிலேயே, வழக்கமான இடத்தில், எங்களுக்காகக் காத்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் துணி சுற்றியிருந்தது.

"கட்டிட்டாங்களாப்பா?" என்றாள் ராஜி, வேறெதுவும் கேட்காமல்.

அவர் தலையைச் சற்றுக் குனிந்து காட்டினார். வகிடு எடுத்து வாரிய நரைத்த முடி, எப்போதும்போல. அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொண்டாந்தாங்க. தட்டுல பட்டு, சந்தனம், எல்லாம் இருந்தது. வேண்டாம்னு கும்பிட்டுட்டு நேரா வடத்துக்குப் போயிட்டேன். முன்னால நிக்கல. நடுவுல, குடைக்காரர் தெரு ஆளுங்க நிக்கற இடத்துல போயிப் புடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான் புடிச்சதும் எனக்கு முன்னால நின்ன அத்தனை பேரும் வடத்தை எடுக்காம என் பக்கம் திரும்பிக் கைகூப்பிட்டாங்க. முதுகக் காட்டக் கூடாதில்லையா. வடம் தரையில கெடக்குது. ஒரு மணி நேரம் அப்படியே. நான் திரும்பிக்கவும் முடியல. நான் திரும்பினா எனக்குப் பின்னால நிக்கறவங்க கும்பிட்டுக்கிட்டு நிப்பாங்க."

வண்டிக்கு மணி அடித்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஐயா, நீங்க எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னா சாமி எப்படிய்யா வீதிக்கு வரும்னேன். அழுகையே வந்துடுச்சு எனக்கு. அப்பதான் குடைக்காரரு வந்தாரு. என் மூஞ்சியப் பார்த்தாரு. எனக்கு முன்னால வந்து நின்னு, அந்தப் பக்கம் திரும்பி, குனிஞ்சு வடத்தை எடுத்தாரு. அவ்வளவுதான். அவரு திரும்பினதும் எல்லாரும் திரும்பிட்டாங்க. நாலு வீதியும் ஓடிச்சு. நான் ஒரு எடத்துலயும் விடல."

ராஜி அவருடைய கைகளைப் பிடித்துத் துணியை விலக்கிப் பார்த்தாள். கொப்புளங்கள் உடைந்து சிவந்திருந்தன.

"இந்தக் கையோட எப்படிப்பா பத்திரம் எழுதுவ?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி, எங்களிடம் சொல்கிறாரா தமக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாதபடி, மெதுவாகச் சொன்னார்:

"குடைத்தண்டைத் தாங்க ஒடம்புல மாட்டிக்கற தோல்வார் இருக்கே, அது தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் அறுத்துத் தழும்பா இருக்குதும்மா குடைக்காரரு முதுகுல. ரெண்டு விரல் அகலம். சின்னப் புள்ளையிலேர்ந்து சுமந்தது. நாலு வீதியும் அதைப் பார்த்துக்கிட்டேதான் இழுத்தேன். ஐம்பது வருஷமா எனக்கு அவரைத் தெரியும். இது தெரியாது."